பூவுக்குப் பின்னால் நிலம்

செங்காந்தளைப் படமெடுக்கப் போகிறவர் முதலில் அதன் உடலமைப்போடு மல்லுக்கு நிற்க வேண்டும். பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்களும் விளிம்பு நெளிந்து மேல்நோக்கி மடிந்திருக்கும். அவற்றின் கீழே ஆறு மகரந்தத் தாள்கள் குடைக்கம்பிகளைப் போல எல்லாத் திசைகளிலும் விரியும். சூல்தண்டு அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கி ஒரு பக்கமாக நீண்டுவிடும். லென்ஸை எங்கே வைத்தாலும் ஒரு தாள் அதை நோக்கி வரும், எதிர்த்தாள் விலகிப் போகும். நன்றாக விரிந்த பூவில் இந்த இரண்டு நுனிகளுக்கும் நடுவே ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழம் உண்டு. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸைப் பூவிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி வைத்தால், ஃபுல் ஃபிரேம் கேமராவில் பூ சட்டத்தை நிறைக்கும். அந்த நிலையில் எஃப் 4 வைத்தால் தெளிவாக விழுவது 7 மி.மீ. தடிமன் மட்டுமே. எஃப் 11இல் அது 2 செ.மீ. ஆகும். எஃப் 22 வரை மூடினாலும் 4 செ.மீ.தான் கிடைக்கும், அத்தனை சிறிய துளையில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே கூர்மை குறையத் தொடங்கும். ஆக, முழுப் பூவும் ஒரே சொடுக்கில் கேமராவுக்குக் கிடைக்காது. எந்தத் தாளின் நுனி, எந்த இதழின் விளிம்பு என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை விட்டுவிட வேண்டியிருக்கிறது.

பூப்படங்களில் தெரியும் மங்கலை ஓர் அலங்காரம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படாதது இதனால்தான். பூவை நெருங்கிப் போனவுடன் மங்கல் தானாக வந்துவிடுகிறது. எதை மங்க விடுவது, எவ்வளவு மங்க விடுவது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த பல படங்களை அடுக்கிக் கணினியில் ஒன்றாக்கி, நுனி முதல் அடி வரை தெளிவாக்கும் வழி இன்று உண்டு. தாவரவியல் நூலுக்கு அது மிகவும் பயன்படும். ஆனால் அப்படி எடுத்த படத்தில் பார்க்கிறவர் எங்கே நின்றார் என்பது எனக்குத் தெரிவதில்லை. பூவுக்கும் பார்க்கிறவருக்கும் இடையே இருந்த தூரம் அதில் இல்லாமல் போகிறது.

பின்னணி எப்படிக் கரைகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெகுதொலைவிலுள்ள ஒரு சிறு ஒளிப்புள்ளி, பூ இருக்கும் தளத்தில் வைத்து அளந்தால், லென்ஸின் திறப்பு எத்தனை அகலமோ அத்தனை அகல வட்டமாகப் பரவுகிறது. 100 மி.மீ. லென்ஸில் எஃப் 2.8 என்றால் திறப்பு சுமார் 36 மி.மீ. எனவே தூரத்து மரக்கிளை ஒன்றில் மினுங்கும் நீர்த்துளி, பூவின் பக்கத்தில் மூன்றரை சென்டிமீட்டர் வட்டமாக விரிந்து நிற்கும். பின்னணி அருகே வர வர வட்டம் சுருங்கும். லென்ஸிலிருந்து பூ இருக்கும் அதே தூரத்தில் பூவுக்குப் பின்னால் சுவர் இருந்தால் வட்டம் பாதியாகிவிடும். சுவர் நான்கு மடங்கு தூரத்தில் இருந்தால் ஐந்தில் நான்கு பங்கு வரும். அதற்கு மேல் எவ்வளவு தள்ளிப் போனாலும் கூடுவது கொஞ்சம்தான். விலை கூடிய லென்ஸுக்காகக் காத்திருக்கும் இளைஞர்களிடம் நான் சொல்வது, தொட்டியைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் நகர்த்தி வையுங்கள் என்பதுதான். நகர்த்த முடியாத செடி என்றால் நீங்கள் இறங்குங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பூவுக்கு ஒரு சாண் பின்னாலிருக்கும் மண்ணும் சருகும் பின்னணியாகும். பூவின் உயரத்துக்கு முழங்காலிட்டால் வயலின் கடைசி வரப்பும் அதற்கப்பால் இருக்கும் பனைகளும் பின்னணியாகும்.

புங்கமர நிழலில் வட்ட வட்டமாக வெயில் கிடப்பதைப் பார்த்திருப்போம். இலைகளின் இடுக்குகள் எந்தக் கோணலில் இருந்தாலும் தரையில் விழுவது வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் உருவம். கிரகணத்தன்று அத்தனை வட்டங்களும் பிறைகளாகிவிடும். லென்ஸில் இது திருப்பிப் போட்டபடி நடக்கிறது. அங்கே ஒளி சிறியது, திறப்பு பெரியது. ஆகவே மங்கலில் நாம் பார்ப்பது திறப்பின் உருவத்தை. ஏழு தகடுகள் கொண்ட துளையைக் கொஞ்சம் மூடினால் ஒளிப்பொட்டுகள் எழுகோணமாகும். சட்டத்தின் ஓரங்களில் லென்ஸ் குழலின் விளிம்பு ஒளியை மறைப்பதால் அவை பூனைக்கண் வடிவில் ஒடுங்கும். கருவி தன் கண்மணியின் வடிவத்தை உலகத்தின் மேல் பதித்துவிட்டுப் போகிறது.

நம் கண்ணிலும் மங்கல் உண்டு. கூர்மையாகப் பார்க்கும் பகுதி விழித்திரையின் நடுவே மிகச் சிறியது. கையை நீட்டினால் கட்டைவிரல் நகத்தின் அகலத்தைவிடச் சற்றுக் கூட. மற்றதெல்லாம் மங்கல்தான். ஆனால் அந்த மங்கலை யாராலும் பார்த்துவிட முடியாது. பார்க்கலாமே என்று கண்ணைத் திருப்பினால் அது தெளிந்துவிடுகிறது. படத்தில்தான் மங்கல் மங்கலாகவே நின்று நம் பார்வைக்குத் தன்னைக் காட்டித் தருகிறது. எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் பின்னாலிருக்கும் அந்தப் பச்சை இலையாகாது. பூப்படங்களில் என்னை இழுத்த முதல் அதிசயம் இது. கண்ணால் ஒருநாளும் காண முடியாத ஒன்றைக் கேமரா ஒரு தாளில் நிறுத்தி வைக்கிறது.

சரி, கரைந்தபின் அங்கே என்ன மிஞ்சுகிறது? வடிவங்கள் போய்விடுகின்றன. இலை, கிளை, வேலிக்கம்பி, பறவை எல்லாம் பெயரிழந்துவிடுகின்றன. நிறமும் ஒளியும் மட்டும் நிற்கின்றன. செம்மண் பூமியில் எடுத்தால் படத்தின் அடியில் ஒரு செம்மை இருக்கும். காவிரிப் படுகையில் எடுத்தால் நெல்லின் பச்சை இருக்கும். சித்திரைக் கொன்றையின் பின்னால் வெளுத்த வானம், ஐப்பசியில் மழைக்கு முன் கறுத்துவரும் ஈயநிறம், சூரியன் ஏறாத நேரத்தின் நீலம், ஏறியபின் வரும் மஞ்சள். அதாவது எந்த நிலம், எந்தப் பொழுது என்ற இரண்டும் மிஞ்சுகின்றன. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த இரண்டும் பழக்கமானவை. தொல்காப்பியம் முதற்பொருள் என்று வகுப்பது நிலத்தையும் பொழுதையும்தான். மரமும் பறவையும் விலங்கும் தொழிலும் கருப்பொருளில் அடங்கும். திறந்த துளை கருப்பொருளைக் கரைத்து முதற்பொருளை நிறுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல மங்கலுக்கும் வெறும் மங்கலுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். பின்னணியைப் பார்த்தால் எந்த நிலம், எந்த வேளை என்ற உணர்வு வர வேண்டும். சட்டம் முழுக்க ஒரே சீராகப் பூசிய பச்சையும், பூவுக்குப் பின்னால் கறுப்பு அட்டையைப் பிடித்து எடுத்த படங்களும் என்னைத் தொடாமல் போவதற்குக் காரணம் அவற்றில் நிலம் இல்லாததே.

தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் ஒரு நூற்பா பூவையும் பறவையையும் தனியே எடுத்துப் பேசுகிறது. ஒரு நிலத்துக்குரிய பூவோ பறவையோ தனக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வராமல் வேறிடத்தில் வந்தால், வந்த நிலத்துக்கு உரியதாகவே அதைக் கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். காந்தளை வைத்துக்கொண்டு இதை யோசித்தால் விளங்கும். பழைய பாட்டில் அது மலைப்பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களின் வரிசை செங்காந்தளில்தான் தொடங்குகிறது. இன்று அதே பூ தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து வறண்ட காடுகளிலும் வேதாரண்யத்து மணலிலும் பயிராக நிற்கிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ அதுதான். ஈழத்தில் அதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். அங்கே அது மாண்டவர்களை நினைக்கும் பூ. இதழின் நெளிவு எங்கும் ஒன்றே. பின்னால் இருக்கும் நிலம் மாறும்போது பூவே வேறாகிறது. பின்னணியைத் துடைத்தெடுத்த காந்தள் படம் ஒன்றை என்னிடம் காட்டினால், இவற்றில் எந்தக் காந்தள் இது என்று கேட்க எனக்கு வழியில்லை.

தெளிவா மங்கலா என்ற சண்டை புகைப்படக் கலையின் வயதுடையது. ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 இறுதியில், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் தந்த கேமராவோடு இங்கிலாந்தின் வைட் தீவில் படமெடுக்கத் தொடங்கினார். ஃபோகஸைத் திருப்பிக்கொண்டு வரும்போது தன் கண்ணுக்கு அழகாகப்படும் இடத்தில் நிறுத்திவிடுவேன், மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மை வரை போவதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அன்றைய புகைப்படச் சங்கத்தார் அவருக்குத் தொழில் தெரியவில்லை என்றார்கள். 1889இல் பீட்டர் ஹென்றி எமர்சன் ஒரு புத்தகம் எழுதி, கண் பார்ப்பதைப் போலவே படமும் முக்கியமானதைத் தெளிவாகவும் மற்றதைச் சற்று மெத்தென்றும் காட்ட வேண்டும் என்று வாதாடினார். அடுத்த ஆண்டே கறுப்புக் கரை போட்ட ஒரு சிறு பிரசுரத்தில் தன் கொள்கைக்குத் தானே சாவு அறிவிப்பு எழுதினார். பிறகு 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பெரிய கேமராவின் மிகச் சிறிய துளையான எஃப் 64 என்பதையே குழுவின் பெயராக வைத்தார்கள். முன்னாலிருப்பது முதல் தொலைவிலிருப்பது வரை எல்லாம் கூர்மையாக விழ வேண்டும் என்பது அந்தப் பெயரின் அறிவிப்பு.

இவர்களில் கன்னிங்ஹாமின் பூக்களை நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். 1920களில் மூன்று சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டை விட்டு அகல முடியாத நிலையில், தோட்டத்திலிருந்த செடிகளை அவர் எடுத்தார். 1925இன் மக்னோலியா அவற்றில் ஒன்று. இதழ்கள் சட்டத்தை மீறி விரிந்து, நடுவிலிருக்கும் தண்டின் ஒவ்வொரு சுருளும் தெளிவாக விழுந்திருக்கும். மகத்தான படம் அது. ஆனாலும் பின்னணி என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை. பூவாலேயே சட்டத்தை மூடி, கேள்வியே எழாதபடி செய்துவிட்டார். 1928இல் புத்தகமாக வந்த கார்ல் பிளாஸ்ஃபெல்டின் செடிகளும் அப்படித்தான். பெர்லினில் வடிவமைப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக, முளைகளையும் காம்புகளையும் வெற்றுப் பின்புலத்தில் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தவர் அவர். அங்கே செடி இரும்பு வேலைப்பாடாகவே மாறிவிடுகிறது. கூர்மைக் கட்சியின் மிகச்சிறந்த பூப்படங்களில் நிலம் இல்லை என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை. எல்லாவற்றையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றால், காட்ட வேண்டியதைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மங்கல் கட்சிக்கும் ஒரு நோய் உண்டு. அது பின்னணியின் மேல் வரும் மோகம். ஜெர்மனியின் மேயர் கோர்லிட்ஸ் நிறுவனம் செய்த 100 மி.மீ. டிரையோபிளான் என்ற பழைய லென்ஸில் மூன்றே கண்ணாடிகள். அதன் மங்கலில் ஒவ்வொரு ஒளிப்பொட்டும் விளிம்பு பளிச்சிடும் சோப்புக் குமிழியாக வரும். சோவியத் ஹீலியோஸ் 44இல் பின்னணி இலைகள் பூவைச் சுற்றிச் சுழலும். 1840இல் வியன்னாவில் பெட்ஸ்வால் கணக்கிட்ட லென்ஸிலும் ஓரங்கள் அப்படியே சுழலும். அன்று குறையாக எண்ணிச் சகித்துக்கொண்டதை இன்று தேடி வாங்குகிறோம். லென்ஸின் கோளப்பிழையை எப்படித் திருத்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மங்கலின் விளிம்பு முரடாகவோ மெத்தென்றோ விழும். பூவுக்குப் பின்னால் மெத்தென்று விழும் லென்ஸ் பூவுக்கு முன்னால் முரடாக விழும். நிக்கான் 1990களில் கொண்டுவந்த 105, 135 மி.மீ. டிசி லென்ஸ்களில், எந்தப் பக்கம் மெத்தென்று வேண்டும் என்று திருப்பி வைத்துக்கொள்ள ஒரு தனி வளையமே இருந்தது. இந்த நுட்பங்களை நான் நேசிக்கிறேன். ஆனால் குமிழிகள் வரும் இடத்தைத் தேடிப் பிடித்துவிட்டு, அதன் முன்னால் வைக்க ஒரு பூவைத் தேடுகிற நிலை வரும்போது, பூ ஒரு சாக்காகிவிடுகிறது. எந்த லென்ஸின் சுழல் என்று தெரிகிறது, எந்த ஊரின் பச்சை என்று தெரிவதில்லை.

கைபேசி இதை இன்னொரு பக்கம் கொண்டுபோயிருக்கிறது. 2016இல் ஐஃபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களின் பார்வை வேறுபாட்டிலிருந்து தூரத்தைக் கணித்து, பின்னணியைக் கணக்குப் போட்டுக் கரைத்தது. இப்போது பெரும்பாலான கைபேசிகளில் ஏதோ ஒரு வகையில் இது இருக்கிறது. மனித முகத்துக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. காந்தளிடம் திணறுகிறது. மெல்லிய தாள்களுக்கு நடுவே தெரியும் பின்னணியைப் பூவோடு சேர்த்துத் தெளிவாக விட்டுவிடும், அல்லது ஒரு மகரந்தப்பையைப் பின்னணி என்று நினைத்துக் கரைத்துவிடும். இந்தப் பிழைகள் நாளடைவில் சரியாகிவிடும். அதற்காக நான் கைபேசியைக் குறைசொல்லவும் மாட்டேன். வாசலில் பூத்த செம்பருத்தியை நின்று பார்க்கும் பழக்கம் பலருக்கு அதனால் வந்திருக்கிறது. எனக்குள்ள வருத்தம் வேறு. படம் எடுத்து முடித்தபின் விரலால் கூட்டிக் குறைக்க முடிகிற மங்கலுக்கு, நாம் நின்ற இடத்தோடு உள்ள பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. முழங்காலிட வேண்டிய தேவை போய்விடுகிறது. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவையும் போய்விடுகிறது. எது இருந்தாலும் கரைந்துவிடும் என்ற உறுதி கையில் இருக்கும்போது, யார் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஆனால் பின்னால் ஆள் இருக்கிறார். மூலனூர்ப் பக்கத்தில் விவசாயிகள் செங்காந்தளை அந்தப் பெயரால் சொல்வதில்லை. அவர்களுக்கு அது கண்வலிக்கிழங்கு. பூவுக்காக யாரும் அதை வளர்ப்பதில்லை. விதைதான் பணம். அதிலிருந்து எடுக்கும் கால்கிசின் கவுட் என்ற மூட்டுநோய்க்கு மருந்தாகிறது. கம்பியும் குச்சியும் கட்டிய பந்தல் வரிசைகளில், இலைநுனிகளால் பற்றிக்கொண்டு கொடி ஏறுகிறது. முதலில் நான் சொன்ன அந்தச் சூல்தண்டின் மடக்கு இங்கே பயிரின் தலைவிதியாகிவிடுகிறது. சூல்முடி தாள்களை விட்டு விலகி நிற்பதால் மகரந்தம் தானாக அதன்மேல் படுவது அரிது. பூச்சிகள் போதிய அளவு வராத வயலில் ஆட்கள்தான் பூவுக்குப் பூ போய்க் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். காலை வேளையில் பெண்கள் வரிசைகளுக்கிடையே நின்று இதைச் செய்வார்கள். எந்த மடக்கினால் பூ முழுவதும் ஒரே ஃபோகஸில் விழ மறுக்கிறதோ, அதே மடக்கினால்தான் அவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

நாற்கவிராச நம்பி தன் அகப்பொருள் விளக்கத்தில் கருப்பொருள் பதினான்கு என்று வகுக்கும்போது, பூவை வைத்த அதே பட்டியலில் அந்த நிலத்து மக்களையும் அவர்கள் செய்யும் தொழிலையும் வைக்கிறார். கருப்பொருள் கரைந்து முதற்பொருள் நிற்கட்டும் என்று சற்று முன் எழுதினேன். கரைவது வேலிக்கம்பி என்றால் எனக்குத் தடையில்லை. இந்தப் பூவை விதையாக்கும் கை கரைகிறது என்றால் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. கேமரன் தன் கடைசி ஆண்டுகளில் இலங்கைக்குப் போனார். 1875இல் கணவரின் காப்பித் தோட்டங்களை ஒட்டிக் குடியேறி, 1879இல் மலையகத்தில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அங்கே அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை மிகக் குறைவு. அவற்றில் பெரும்பாலானவற்றில் லென்ஸுக்கு நேர் எதிரே இருப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்களும் ஊர்மக்களும். அவர்கள் பெயர்கள் படத்தில் இல்லை, அந்தக் காலத்தின் அதிகாரம் முழுவதும் அந்தப் படங்களுக்குள் இருக்கிறது. ஆனாலும் மங்கலின் தாய் என்று சொல்லத்தக்க ஒருவர் அவர்களைப் பின்னணியாக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வயலுக்கு வருவோம். பூ 60 செ.மீ. தூரத்தில், சட்டம் செங்குத்தாக. பத்து மீட்டர் பின்னால் ஒரு பெண் பந்தலில் குனிந்து நிற்கிறார். பூவின் தளத்தில் வைத்துப் பார்த்தால் அவர் சுமார் ஒன்பது சென்டிமீட்டர் உயரம், தலை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட. எஃப் 2.8இல் ஒவ்வொரு புள்ளியும் மூன்றரை சென்டிமீட்டருக்குப் பரவுவதால் தலை, கை, முதுகு எல்லாம் ஒன்றாகி, சேலையின் நிறம் மட்டும் ஒரு கறையாக மிஞ்சும். எஃப் 11இல் பரவல் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். அப்போது முதுகின் வளைவு தெரியும், பூவை நோக்கி நீண்ட கை தெரியும். முகம் யாருடையது என்று தெரியாது. கேட்காமல் முகத்தை எடுக்க எனக்கு உரிமையும் இல்லை. முன்னால் இருக்கும் பூவிலும் சூல்முடியோடு இரண்டு தாள்கள் கூடுதலாகத் தெளிவுக்குள் வரும். பின்னணி சுத்தமாக இல்லை என்று இப்படிப்பட்ட படங்களைத் தள்ளுகிறவர்கள் உண்டு. நான் எஃப் 11ஐத்தான் எடுக்கிறேன். துளை சிறுத்ததால் ஷட்டர் மெதுவாகும், கொடி காற்றுக்கு அசையும், ஐஎஸ்ஓவை ஏற்றிப் படத்தில் மணல் விழுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சிவப்புச் சேலை வந்தால் இதழின் சிவப்போடு ஒட்டிக்கொள்ளும். அப்போது அரையடி நகர்ந்து பூவின் பச்சைமஞ்சள் அடிப்பகுதிக்கு நேரே அதைக் கொண்டுவரலாம், அல்லது நீலம் உடுத்தவர் அந்த வரிசைக்கு வரும்வரை காத்திருக்கலாம். வெயில் ஏறி அவர்கள் வேலையை முடித்துக் கிளம்புவதற்குள் எடுத்தாக வேண்டும்.